மலையில் கேட்ட துறைமுகக் குரல்

என் மருமகன் விதுரனுக்கு இரண்டு குரல். ஒன்று வீட்டுக்கு, மற்றது துறைமுகத்துக்கு.

வீட்டுக் குரலைக் குரல் என்று சொல்வதே கூட. "ஓம் மாமா." "சரி மாமா." "நீங்கள் சொன்னால் சரிதான் மாமா." அதற்கு மேலே ஒன்றும் வராது. என் மனைவி சந்திரமதி சோறு போடப் போட அவர் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். போதும் என்று சொல்ல வாய் வராது. கடைசியில் என் மகள் கேசிகா வந்துதான் தட்டைப் பறிப்பாள்.

"அம்மா, விட்டால் இவர் வெடிச்சுப் போவார்!"

"பசிக்குதாக்கும் எண்டு போட்டன் பிள்ளை. வேண்டாமெண்டால் சொல்லலாம்தானே?"

"இவரோ? சொல்லுறதோ?"

விதுரன் தலையைக் குனிந்து சிரிப்பார்.

ஏழு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இத்தாலியின் சிசிலித் தீவில் இந்தப் பலேர்மோவுக்கு வந்தவர். தகப்பன் இல்லை. தாய் ஞானம்பிகை வியா மக்வேதா என்ற தெருவில் பழைய கட்டடங்களின் மாடிப்படி கழுவித்தான் மகனைப் படிப்பித்தார். தாய் ஒவ்வொரு படியாகக் கழுவிக்கொண்டு இறங்க, மகன் ஈரமில்லாத படியாகப் பார்த்து மாறி மாறி இருந்து பாடம் எழுதுவாராம். நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அப்படிப் படித்த ஒருவர் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

அவருக்குத் துறைமுகத்தில் வேலை. நேப்பிள்ஸ், ஜெனோவா போகிற கப்பல்களுக்குள் கார், லொறி எல்லாவற்றையும் கை காட்டி ஏற்றுகிற வேலை. ஒருநாள் சாப்பாட்டை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டார். கொடுக்கலாம் என்று நான் போனேன். கப்பலின் வாய் திறந்திருந்தது. ஒரு பெரிய லொறி பின்பக்கமாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மெலிந்த ஒரு உருவம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது.

"வியேனி! வியேனி! வியேனி!" வா, வா, வா என்று ஒரு சத்தம். பிறகு உள்ளங்கையை விரித்து, "ஃபெர்மோ!"

லொறி அந்த இடத்திலேயே நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டி ஏதோ முணுமுணுத்தான். அந்த உருவம் அவனைப் பார்த்துச் சிசிலிப் பேச்சில் போட்ட போட்டில் அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். பிறகு திரும்பியபோதுதான் பார்த்தேன், அது என் மருமகன்.

என்னைக் கண்டதும் அந்தக் குரல் எங்கே போனதோ தெரியாது. "நீங்கள் சாப்பிட்டீங்களோ மாமா?" என்று மெல்லக் கேட்டார்.

அதன் பிறகு என் பேரன் லக்சன் பிறந்தான். அவனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் விதுரனின் கதை நின்றுவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நாங்கள் இருக்கிற பொலிதேயாமா பக்கத்தில் நான் அவன் படம் காட்டாத கடைக்காரர் யாரும் மிச்சமில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனுசிக்கும் போனைத் திறந்து காட்டினேன். காது மட்டும் என்னுடையது என்று சொன்னேன். அவள் என் காதையும் பார்த்துவிட்டு, "பாவம்" என்றாள்.

ஞானம்பிகைச் சம்பந்தி இப்போது பிரான்சில், கிரெனோபிளுக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில், தன் தம்பியோடு இருக்கிறார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நடக்கிற சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். பேரனைக் கையில் தூக்கிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் போனில் பார்த்துக் கண்ணைத் துடைப்பார். பிள்ளைக்குக் காதில் சளி இருந்ததால் விமானம் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே கப்பலில் ஜெனோவா, அங்கிருந்து மலையைத் தாண்டிப் பிரான்ஸ் என்று முடிவானது. சம்பந்தி வீட்டில் ஒரு அறைதான். நாங்கள் ஐந்து பேர் எங்கே படுப்பது? அப்போதுதான் சிஞ்ஞோரா எமிலியானா தன்னுடைய கேம்பர் வானைத் தருகிறேன் என்றார்.

சிஞ்ஞோரா வீட்டில்தான் எனக்கு வேலை. அந்த வான் செத்துப்போன அவருடைய புருசன் ஆசையாக வைத்திருந்தது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, கக்கூசு எல்லாம் உள்ளேயே இருக்கும். திறப்பைக் கொடுக்கும்போது அவர் விதுரனிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"பாரம் ஏற்றாதே மகனே. அதுக்கும் என்னைப் போல முழங்கால் சரியில்லை."

அன்று பின்னேரம் விதுரன் என்னிடம் வந்து நின்றார்.

"மாமா... கனக்க ஏத்தக்கூடாதாம்."

"ஓம் தம்பி. நாங்கள் என்ன கனக்கவே ஏத்தப் போறம்?"

"சரி மாமா."

ஆனால் பேரனோடு முதல்முறை சம்பந்தி வீட்டுக்குப் போகிறோம். பெண்ணைக் கொடுத்தவர்கள் வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா? சந்திரமதி ஒரு மூட்டை குத்தரிசி எடுத்து வைத்தாள். மிளகாய்த்தூள் இடித்து வைத்தாள். தேங்காய் ஒரு சாக்கு. நான் பெரிய தகரத்தில் ஒலிவ் எண்ணெய் வாங்கினேன். சிஞ்ஞோரா வீட்டில் காய்ச்சிய தக்காளிச் சாறு பெட்டி பெட்டியாகப் போத்தலில் இருந்தது. சம்பந்திக்கு மிக்சியில் அரைத்த சம்பல் பிடிக்காது என்று கேள்விப்பட்டு ஒரு அம்மிக்கல்லும் ஏற்றினேன்.

அதோடு நின்றிருக்கலாம். பிரான்சுக்கு வான் போகிறது என்று தெரிந்ததும் பலேர்மோவில் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லோரும் பாசல் கொண்டு வந்தார்கள். தங்கச்சிக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று, கூடப்படித்தவனுக்கு ஒன்று. "சின்னப் பாசல்தான் அண்ணை" என்று மரியமலர் கொண்டு வந்ததைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? எல்லாம் நாள்தோறும் முகம் பார்க்கிற சனம்.

விதுரன் வானைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு டயரையும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"இன்னும் ஒரு பாசல் இருக்குது தம்பி. இடமிருக்கோ?"

"...இருக்குது மாமா."

துறைமுகத்தில் அவரோடு வேலை செய்கிறவர்கள்தான் எங்கள் வானைக் கப்பலில் ஏற்றினார்கள். பின்பக்கம் பதிந்திருந்ததைப் பார்த்துவிட்டு ஒருவன் கத்தினான்: "விதுரா, என்ன, மலையிலே ஓட்டப் போற வானுக்குள்ளே இன்னொரு மலையோ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விதுரன் மட்டும் சிரிக்கவில்லை.

ஜெனோவாவில் இறங்கி, வடக்கே போய், மலைக்குள் நுழைந்தோம். எனக்குத் தெரிந்த மலை பலேர்மோவைச் சுற்றி இருக்கிற மலைதான். அது தூரத்தில் நின்று எங்களைப் பார்க்கும். எங்களை ஒன்றும் செய்யாது. இது அப்படியல்ல. ரோட்டுக்கு மேலே தொங்கியது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. நான் முன்னால் மருமகனுக்குப் பக்கத்தில் இருந்தேன். பின்னால் குழந்தை தன் கதிரையில் வாரால் கட்டப்பட்டிருந்தான். ஒரு பக்கம் தாய், மறு பக்கம் அம்மம்மா. வளைவு வரும்போதெல்லாம் பின்னுக்குப் போத்தல்கள் கலகலவென்று சத்தம் போட்டன. நான் கதவின் கைப்பிடியை விடவேயில்லை.

"அப்பா, அதைக் கழட்டி எடுத்துப் போடாதேங்கோ. சிஞ்ஞோரா கேப்பா," என்றாள் கேசிகா.

எல்லை தாண்டி, பிரியான்சோன் என்ற ஊர் தாண்டி, மேலே மேலே ஏறி லோத்தரே என்ற கணவாயின் உச்சிக்கு வந்தோம். ஏறும்போது வான் மூச்சு வாங்கியது. உச்சியில் நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். ஆனி மாதம். எதிரே மலையில் பனிக்கட்டி நீலமாகத் தொங்கியது. புல்வெளியெல்லாம் மஞ்சள் பூ. சந்திரமதி கும்பிட்டாள். எனக்குக் கும்பிடவும் பயமாக இருந்தது, ஏனென்றால் ஏறினால் இறங்க வேண்டும்.

இறக்கம் தொடங்கியது. வானை இழுத்துப் பிடிக்க விதுரன் இரண்டாம் கியரில் போட்டார். எஞ்சின் ஊளையிட்டது. அதுவரை நல்ல நித்திரையில் இருந்த குழந்தை திடுக்கிட்டு எழும்பி வீரிட்டான்.

"ஐயோ என்ரை குஞ்சு!" என்றாள் சந்திரமதி. "இந்தச் சத்தத்திலை பிள்ளை என்னெண்டு படுக்கும்? காதும் நோவெல்லோ?"

எனக்கும் பொறுக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

"தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கேலாதோ?"

விதுரன் ரோட்டைப் பார்த்தார். கியர்த் தடியின் மேல் இருந்த கையைப் பார்த்தார்.

"இது இறக்கம் மாமா..."

"மெல்லமாத்தான் போங்கோ. நான் என்ன ஓடச் சொல்லுறனோ? சத்தம் மட்டும் வேண்டாம்."

"சரி மாமா."

நாலாம் கியர் போட்டார். எஞ்சின் அமைதியானது. பிள்ளை விம்மி விம்மி அடங்கி உறங்கினான். எனக்குச் சந்தோசம். மருமகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவருடைய கால் பிரேக்கை விட்டு எழும்பாமல் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஊர்கள் வந்தன, போயின. இருட்டுக் குகைப்பாதைகளுக்குள் புகுந்து வெளியே வந்தோம். கீழே வெகு ஆழத்தில் ஒரு ஆறு நூல் மாதிரித் தெரிந்தது. அப்போது ஒரு மணம் வந்தது.

"அடுப்பை நிப்பாட்டினியளோ அம்மா? என்னவோ கருகுது," என்றாள் கேசிகா.

"அடுப்பே மூட்டேல்லை. வெளியிலை இருந்து வருதாக்கும்."

எனக்கு அது வானின் மணம் என்று பட்டது. சக்கரத்தின் பக்கமிருந்து வந்தது. திரும்பி விதுரனின் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்வை. சொல்லலாமா? வண்டி ஓட்டுகிறவர் அவர். மருமகனுக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்லுவது போல ஆகிவிடாதா? அவர் மனம் நொந்தால்? அவரும் எனக்குச் சொல்லவில்லை. மாமா சொல்லிப் போட்ட கியரை மாமா சொல்லாமல் மாற்றுவது எப்படி என்று இருந்தாராம், பிறகு சொன்னார். இப்படி இரண்டு பேரும் மரியாதையைப் பிடித்துக்கொண்டு, தொட்டிலில் கிடக்க வேண்டிய ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, அந்த மலையில் இறங்கிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வளைவுக்கு முன்னால் அவர் பிரேக்கை மிதித்தார். கால் அடிவரை போனது. வான் குறையவில்லை.

திரும்ப மிதித்தார். திரும்பவும்.

"தம்பி..." என்றேன்.

"மாமா, கதைக்காதேங்கோ!"

அந்தக் குரல் வானின் கூரையில் இடித்தது. அது வீட்டுக் குரல் இல்லை.

"கேசி, பிள்ளையின்ரை தலையைப் பிடி! மாமி, காலை முன்னுக்கு ஊண்டுங்கோ! மாமா, கதவிலை இருந்து கையை எடுங்கோ!"

எடுத்தேன். மூன்றாம் கியர். வான் குலுங்கியது. இரண்டாம் கியர். எஞ்சின் அலறிய அலறலில் பிள்ளையும் சேர்ந்து அலறினான். பின்னால் பெட்டி ஒன்று சரிந்து போத்தல்கள் உடைந்தன. காலுக்குக் கீழே சிவப்பாகத் தக்காளிச் சாறு ஓடி வந்தது. அதைப் பார்த்து எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. விதுரன் ஹான்ட் பிரேக்கைக் கொஞ்சம் இழுத்து, விட்டு, இழுத்து, விட்டுப் பிடித்தார். "பியானோ, பியானோ, பியானோ," என்று வானுக்குச் சொன்னார். மெல்ல, மெல்ல என்று, துறைமுகத்தில் லொறிக்குச் சொல்லுவது போல. வளைவில் பாறைப் பக்கமாக ஒட்டிப் போனோம். பக்கக் கண்ணாடி உரசி முறிந்தது. அதற்கப்பால் ரோட்டோரம் சரளைக்கல் கொட்டிய ஒரு வெளி மேட்டுப்பக்கமாக ஏறியது. அதற்குள் திருப்பினார். கல்லில் சக்கரம் புதைந்து வான் நின்றது.

"ஃபெர்மோ," என்றார். தனக்குத்தான் சொன்னார்.

பிள்ளை அழுதுகொண்டிருந்தான்.

பிறகு நான் கதவைத் திறந்து குதித்தேன். முன் சக்கரங்களிலிருந்து புகை வந்தது. தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"தண்ணி ஊத்தாதேங்கோ மாமா! கொதிக்கிற இரும்பு, வெடிச்சுப் போம்! தள்ளி நில்லுங்கோ! சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கோணும். கெதியாக் கல்லு!"

சுற்றிப் பார்த்தேன். சின்னச் சரளைதான். வானின் பின்பக்கம் ஓடி அம்மிக்கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து சக்கரத்தின் கீழே வைத்தேன்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிய கேசிகா அந்தக் கல்லைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நல்ல காலம் அப்பா. மாமிக்குச் சம்பல் அரைக்க எண்டு கொண்டந்தது."

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நான் போய்ப் பேரனின் கால், கை, தலை எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை.

கீழேயிருந்து ஒரு சின்ன வாகனம் வந்து நின்றது. ஆடு வளர்க்கிற ஒரு அம்மா, முழங்கால்வரை சப்பாத்து. தாய் இத்தாலிக்காரி என்பதால் அந்தப் பாசை கொஞ்சம் பேசினார். புகையைப் பார்த்தார். வானின் பின்பக்கத்தைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கடை திறக்கப் போகிறீர்களா?" என்று கேட்டார்.

பிரேக் முழுக்க ஆறும்வரை அசைக்க வேண்டாம் என்றார். கோடைக்குக் கோடை இந்த இறக்கத்தில் யாராவது பிரேக்கைப் புகைய விடுகிறார்கள் என்றார். தன்னுடைய கொட்டில் பக்கத்தில்தான், சாமானை அங்கே வைத்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார்.

விதுரன் என் பக்கம் திரும்பினார். நான் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எல்லாத்தையுமோ தம்பி? சனத்தின்ரை பாசல்... நம்பித் தந்ததெல்லோ. எண்ணெயையாவது..."

"மாமா." மெல்லத்தான் சொன்னார், ஆனால் அந்த மற்றக் குரலில். "பாசலோ, பிள்ளையோ?"

நான் மூட்டையின் ஒரு மூலையைப் பிடித்தேன்.

அவர் கை காட்டக் காட்ட நானும் சந்திரமதியும் இறக்கினோம். இது முதல், அது பிறகு, தாங்கித் தண்ணீரைத் திறந்து விடுங்கோ, தேங்காயை உருட்டாதேங்கோ என்று சத்தம் போட்டபடி நின்றார். சந்திரமதி என் காதுக்குள் சொன்னாள்: "என்னப்பா, மருமோன் இப்பிடியும் கத்துவாரோ?"

"கத்தட்டும்," என்றேன்.

வான் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

மிச்ச இறக்கம் முழுவதும் இரண்டாம் கியர். பிரேக் ஆறியபின், புறப்படும் முன் அதை மூன்று நாலு முறை மிதித்துப் பார்த்தார். முதல் வளைவில் பிரேக் பிடிக்குமா என்று எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். பிடித்தது. இரண்டாவது வளைவிலும் அதே பயம், அதற்கடுத்ததிலும் அதே பயம். எஞ்சின் ஊளையிட்டது. பேரன் அழுதான். ஒரு நிமிடம்கூட ஓயாமல், முகம் சிவக்கச் சிவக்க அழுதான். சந்திரமதி வாயைத் திறந்தாள். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். மூடிக்கொண்டாள். பள்ளத்தாக்கில் ரோடு சமமாகி, இரண்டு பக்கமும் வால்நட் மரங்கள் வரும்வரை அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒரு தாத்தாவுக்கு அதைவிட நல்ல சத்தம் அன்றைக்கு இல்லை. அது நின்றால்தான் எனக்குப் பயம்.

அடுத்த ஊரில் ஒரு கராஜில் வானைக் காட்டினோம். பிரேக் கட்டையை மாற்றித் தந்தார்கள். மறுநாள் மத்தியானம்தான் சம்பந்தி வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஞானம்பிகை நடக்கிற சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். முந்தின நாள் முழுக்க அங்கேயே நின்றாராம். நான் முன்னால் போனேன்.

"சம்பந்தி, குறை நினையாதேங்கோ. வெறுங்கையோடை வந்திட்டம். சாமானெல்லாம் மலையிலை..."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவரைக் கதிரையில் இருத்திப் பேரனை மடியில் வைத்ததும் அவன் மெல்ல அழத் தொடங்கினான். குரல் கரகரத்துக் கீச்சென்று வந்தது.

"என்னடா விதுரன், பிள்ளைக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு?"

நடந்ததைக் கேசிகா சொன்னாள். மருமகன் என்னை அதட்டியதையும் விடாமல் சொன்னாள். விதுரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஞானம்பிகையின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"என்னிலைதான் பிழை அண்ணை. சின்னனிலை இவன் மக்வேதாப் படியிலை நிண்டு கத்தினால் மேல்மாடிச் சனமெல்லாம் கதவைத் திறக்கும். கலியாணம் முடிக்கேக்கை நான்தான் சத்தியம் வாங்கினனான், மாமா மாமிக்கு முன்னாலை குரலை உயர்த்தப்படாதெண்டு. தகப்பனில்லாமல் வளர்ந்த பிள்ளை எண்டு ஒருத்தரும் சொல்லிப்போடக்கூடாதெல்லோ."

நான் விதுரனைப் பார்த்தேன். "தம்பி, அந்தச் சத்தியத்தை அம்மாட்டைத் திருப்பிக் குடுங்கோ," என்றேன்.

"ஓம் மாமா," என்றார். பழைய குரலில்தான்.

திரும்பும் நாள் வந்தது. வான் பலேர்மோவுக்குப் போகிறது என்று எப்படித்தான் தெரிந்ததோ, அந்தச் சின்ன ஊருக்கும் எங்கள் ஆட்கள் கிரெனோபிளிலிருந்து பாசலோடு வந்துவிட்டார்கள். ஒருவர் பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். "அண்ணை, சின்னப் பாசல்தான்," என்றார். என் வாய் பழக்கத்தில் "ஓம்" என்று திறந்தது.

வான் கதவருகே விதுரன் நின்றார். அந்த மலை திரும்பவும் எங்கள் முன்னால் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு ஒரு அடி விலகி நின்றேன்.

விதுரன் கையைத் தூக்கி உள்ளங்கையை விரித்தார்.

"ஃபெர்மோ!"

அந்த மனிதர் பெட்டியோடு அப்படியே நின்றார். உள்ளே என் பேரன் திடுக்கிட்டு எழும்பி அழத் தொடங்கினான்.